உலுக்கினால் ஒளி விடும் துகள்
எலெக்ட்ரானைக் கண்டுபிடித்த ஜே.ஜே. தாம்சனின் வாழ்க்கை வரலாறு

வீட்டில் விளக்கு எரிகிறது. வானொலி பாடுகிறது. கையில் இருக்கும் தொலைபேசி பேசுகிறது. இவை எல்லாவற்றுக்குள்ளும் ஓடி ஓடி உழைப்பது எலெக்ட்ரான்.

எலெக்ட்ரான் மிக மிகச் சிறியது. எந்தப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் தெரியாது. ஆனால் அதற்கு ஒரு விந்தையான குணம் உண்டு. அதைப் பிடித்து உலுக்கினால் ஒளி விடும்! மெதுவாக உலுக்கினால் ஒரு வகை ஒளி. வேகமாக உலுக்கினால் வேறு வகை ஒளி.

இந்த எலெக்ட்ரானைக் கண்டுபிடித்தவர் ஒரு புத்தகக் கடைக்காரரின் மகன். ரெயில் என்ஜின் கட்டும் என்ஜினீயர் ஆகவேண்டும் என்று புறப்பட்டவர். பணம் இல்லாததால் அந்த வழி அடைபட்டது. வேறு வழியில் போனார். உலகப்புகழ் பெற்றார்.

அவர் பெயர் ஜோசப் ஜான் தாம்சன். ஜே.ஜே. என்று எல்லோரும் அவரை அழைத்தார்கள்.

புத்தகக் கடை

இங்கிலாந்து நாட்டில் மான்செஸ்டர் என்ற பெரிய நகரம் இருக்கிறது. நூல் ஆலைகளுக்குப் பெயர் போன ஊர். அதன் ஒரு பகுதியான சீத்தாம் ஹில் என்ற இடத்தில் 1856-ம் ஆண்டு டிசம்பர் 18-ந் தேதி தாம்சன் பிறந்தார்.

தகப்பனார் புத்தகக் கடை வைத்திருந்தார். தாயார் பெயர் எம்மா. ஒரு தம்பியும் உண்டு. பணக்காரக் குடும்பம் அல்ல. கடையில் வரும் வருமானத்தைக் கொண்டு காலம் தள்ளும் குடும்பம்.

சிறுவன் தாம்சன் கூச்ச சுபாவம் உள்ளவன். புத்தகப் பிரியன். அதே ஊரில் ஜூல் என்ற பெரிய விஞ்ஞானி இருந்தார். ஒருநாள் தகப்பனார் மகனை அவருக்கு அறிமுகம் செய்துவைத்தார். இந்தப் பெரியவரைப் பார்த்தேன் என்று நீ ஒருநாள் பெருமைப்படுவாய் என்று மகனிடம் சொன்னார். அது சிறுவனின் மனதில் பதிந்துவிட்டது.

மகனை என்ஜினீயர் ஆக்கவேண்டும் என்பது தகப்பனாரின் ஆசை. அந்தக் காலத்தில் என்ஜினீயர் ஆவதற்கு ஒரு கம்பெனியில் சேர்ந்து தொழில் பழகவேண்டும். அதற்குச் சம்பளம் தரமாட்டார்கள். நாம்தான் கம்பெனிக்குப் பெரிய தொகை கட்டவேண்டும்! ரெயில் என்ஜின் கட்டும் ஒரு கம்பெனியில் பெயரைப் பதிவு செய்தார்கள். இடம் காலியாகச் சில ஆண்டுகள் ஆகும் என்றார்கள்.

அதுவரை பையன் சும்மா இருக்கலாமா? ஓவன்ஸ் கல்லூரியில் சேர்த்துவிட்டார், தகப்பனார். அப்போது தாம்சனுக்கு வயது 14.

இடி விழுந்தது

1873-ம் ஆண்டு தகப்பனார் இறந்துபோனார். தாம்சனுக்கு வயது 16.

குடும்பத்தின் மீது இடி விழுந்தது போல் ஆயிற்று. கம்பெனிக்குக் கட்டப் பணம் இல்லை. என்ஜினீயர் கனவு அன்றோடு போயிற்று. தாயார் மனம் தளரவில்லை. கல்லூரிக்கு அருகில் சிறிய வீட்டுக்குக் குடிபோனார். பையனின் படிப்பை மட்டும் நிறுத்தவில்லை.

இனி உபகாரச் சம்பளம் கிடைத்தால்தான் மேல்படிப்பு. கல்லூரியில் கணக்குப் பேராசிரியர் பார்க்கர் ஒரு யோசனை சொன்னார். கேம்பிரிட்ஜ் நகரில் டிரினிட்டி கல்லூரி இருக்கிறது. நியூட்டன் படித்த கல்லூரி. அங்கே உபகாரச் சம்பளத்துக்குப் பரீட்சை வைக்கிறார்கள், எழுதிப்பார் என்றார்.

தாம்சன் எழுதினார். தோற்றார்.

அடுத்த ஆண்டு மறுபடியும் எழுதினார். வெற்றி பெற்றார். 1876-ல் கேம்பிரிட்ஜ் வந்து சேர்ந்தார். வந்தவர் திரும்பிப் போகவே இல்லை. சாகும்வரை 64 ஆண்டுகள் அந்த ஊரே அவருக்கு வீடு ஆயிற்று.

முதல் இடமும் இரண்டாம் இடமும்

1880-ல் கேம்பிரிட்ஜ் கணிதப் பட்டப் பரீட்சை நடந்தது. மிகக் கடினமான பரீட்சை. தாம்சனுக்கு இரண்டாம் இடம்.

முதல் இடம் பெற்றவர் யார்? ஜோசப் லார்மர் என்ற அயர்லாந்து இளைஞர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உலுக்கப்படும் மின்துகள் எவ்வளவு ஒளி விடும் என்பதற்கு 1897-ல் கணக்குப் போட்டுச் சொன்னவர் இந்த லார்மர்தான். ஒரே பரீட்சையில் போட்டியிட்ட இரண்டு பேரில் ஒருவர் துகளைக் கண்டுபிடித்தார். மற்றவர் அது விடும் ஒளியை அளக்க வழி சொன்னார்.

28 வயதில் பேராசிரியர்

கேம்பிரிட்ஜில் கேவண்டிஷ் ஆராய்ச்சி சாலை என்று ஒன்று உண்டு. பௌதிக ஆராய்ச்சிக்கு உலகிலேயே பெயர் பெற்ற இடம். 1884-ல் அதன் தலைமைப் பேராசிரியர் பதவி காலி ஆயிற்று. பெரிய பெரிய விஞ்ஞானிகள் போட்டியிட்டார்கள். தாம்சனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்களும் அந்தப் போட்டியில் இருந்தார்கள்.

பதவி யாருக்குக் கிடைத்தது? தாம்சனுக்கு! அப்போது அவருக்கு 28 வயது நிறைந்து சில நாட்களே ஆகியிருந்தன. ஊரெல்லாம் ஆச்சரியம். சிறு பையனைக் கொண்டுவந்து உட்காரவைத்து விட்டார்களே என்று சிலர் முணுமுணுத்தார்கள்.

அந்த முணுமுணுப்புக்குக் காரணம் இல்லாமல் இல்லை. தாம்சன் கணக்கில் புலி. ஆனால் கைவேலையில் சமர்த்து போதாது. கருவிகளைத் தொட்டால் தவறிப்போகும். அவர் கண்ணாடிக் கருவிகளுக்கு அருகே வந்தாலே உதவியாளர்களுக்குப் பயம்!

ஆனால் கருவி ஏன் சரியாக வேலை செய்யவில்லை என்பதை உட்கார்ந்த இடத்தில் இருந்தே கண்டுபிடித்துவிடுவார். அவருடைய எண்ணத்தைக் கண்ணாடியில் வடித்துக் கொடுத்தவர் எபனேசர் எவரெட் என்ற உதவியாளர். கண்ணாடியைக் காய்ச்சி ஊதி நுட்பமான குழாய்கள் செய்வதில் கெட்டிக்காரர். தாம்சனின் மூளையும் எவரெட்டின் கைகளும் சேர்ந்து வேலை செய்தன.

மாணவி மனைவி ஆனார்

தாம்சனின் சொற்பொழிவுகளைக் கேட்க ரோஸ் பேஜட் என்ற பெண் வந்தார். ஒரு மருத்துவப் பேராசிரியரின் மகள். பெண்கள் விஞ்ஞானம் படிப்பது அபூர்வமாக இருந்த காலம். ரோஸ் ஆராய்ச்சி சாலையில் சோப்புப் படலங்களை வைத்துச் சோதனை செய்தார்.

ஆசிரியரும் மாணவியும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். 1890-ல் திருமணம் நடந்தது. ஜார்ஜ் என்ற மகனும் ஜோன் என்ற மகளும் பிறந்தார்கள். மகன் ஜார்ஜைப் பற்றிப் பின்னால் சொல்லப்போகிறோம்.

கண்ணாடிக் குழாயில் ஒரு மர்மம்

ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இரண்டு உலோகத் தகடுகள். உள்ளே இருக்கும் காற்றைப் பம்பு வைத்து வெளியே எடுத்துவிடவேண்டும். பிறகு தகடுகளுக்கு அதிக அழுத்தமுள்ள மின்சாரம் கொடுக்கவேண்டும். ஒரு தகட்டிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர் புறப்படும். அது போய் மோதும் இடத்தில் கண்ணாடி பச்சை நிறமாக ஒளிவிடும்.

அந்தக் கதிர் என்ன? விஞ்ஞானிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள். அது ஒளியைப்போல ஓர் அலை என்றார்கள், ஜெர்மன் விஞ்ஞானிகள். இல்லை, அது மின்சாரம் ஏறிய துகள்களின் கூட்டம் என்றார்கள், ஆங்கிலேய விஞ்ஞானிகள்.

துகள்களாக இருந்தால், பக்கத்தில் மின்சாரத் தகடுகளை வைத்து அவற்றை ஒரு பக்கமாக இழுக்க முடியவேண்டும். 1883-ல் ஜெர்மன் விஞ்ஞானி ஹெர்ட்ஸ் செய்து பார்த்தார். கதிர் அசையவே இல்லை. அலை கட்சிக்கு அது பெரிய ஆதாரமாக இருந்தது.

தாம்சன் யோசித்தார். குழாய்க்குள் இன்னும் கொஞ்சம் காற்று மிச்சம் இருந்திருக்கும். அந்தக் காற்று தகடுகளின் இழுவையை மறைத்துவிட்டது. இதுதான் அவர் கண்ட குறை. முன்னைவிட நன்றாகக் காற்றை எடுத்தார்கள். பொறுமையோடு செய்யவேண்டிய வேலை. எவரெட் செய்து முடித்தார்.

தகடுகளுக்கு மின்சாரம் கொடுத்தார்கள். கதிர் வளைந்தது!

அணுவைவிடச் சிறியது

அதோடு தாம்சன் நிற்கவில்லை. ஒரு பக்கம் காந்தத்தால் கதிரை இழுத்தார். எதிர்ப்பக்கம் மின்சாரத் தகட்டால் இழுத்தார். இரண்டு இழுவையும் சமமாகும்போது கதிர் நேராகப் போகும். இதிலிருந்து துகளின் வேகத்தைக் கணக்கிட்டார். அதன் எடைக்கும் அது சுமக்கும் மின்சாரத்துக்கும் உள்ள விகிதத்தையும் கணக்கிட்டார்.

விடை வந்ததும் திகைத்தார். அணுக்களிலே லேசானது ஹைட்ரஜன் அணு. இந்தத் துகளோ அதைவிட ஆயிரம் மடங்குக்குமேல் லேசானதாகத் தெரிந்தது. இன்றைய துல்லியமான கணக்குப்படி ஏறக்குறைய 1,836 மடங்கு லேசு.

குழாய்க்குள் வாயுவை மாற்றிப் பார்த்தார். தகட்டின் உலோகத்தை மாற்றிப் பார்த்தார். எதை மாற்றினாலும் வந்தது ஒரே துகள்தான். அப்படியானால் இந்தத் துகள் எல்லா அணுக்களுக்கு உள்ளேயும் இருக்கிறது!

அதுவரை அணுவை உடைக்க முடியாது என்று உலகம் நம்பியிருந்தது. 1897-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி லண்டனில் ஒரு கூட்டத்தில் தாம்சன் தன் கண்டுபிடிப்பை வெளியிட்டார். கேட்டவர்களில் பலர் நம்பவில்லை. அவர் வேடிக்கைக்காகக் கதை அளக்கிறார் என்று நினைத்ததாக ஒரு விஞ்ஞானி பிற்பாடு அவரிடமே சொன்னார்.

தாம்சன் கோபப்படவில்லை. மேலும் மேலும் சோதனை செய்து காட்டினார். சில ஆண்டுகளில் உலகம் ஒப்புக்கொண்டது. அந்தத் துகளுக்கு எலெக்ட்ரான் என்ற பெயர் நிலைத்தது.

உலுக்கினால் ஏன் ஒளி வருகிறது?

இப்போது ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். துணி உலர்த்தும் கொடிக்கயிற்றின் ஒரு முனையை ஓர் ஆணியில் கட்டுங்கள். மறுமுனையைக் கையில் பிடித்து வெடுக்கென்று ஒரு தடவை உதறுங்கள். கயிற்றில் ஒரு வளைவு தோன்றும். அது கையிலிருந்து கிளம்பி ஆணி வரைக்கும் ஓடும். கை அசையாமல் இருந்தால் வளைவு உண்டாகாது.

எலெக்ட்ரானும் அப்படித்தான். அதிலிருந்து நாலு பக்கமும் கண்ணுக்குத் தெரியாத கயிறுகள் நீண்டிருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அவை மின்விசைக் கோடுகள். எலெக்ட்ரான் ஒரே சீராகப் போனால் கயிறுகளும் கூடவே ஒழுங்காகப் போகும். திடீரென்று எலெக்ட்ரானைத் தள்ளினால், அல்லது திருப்பினால், அல்லது நிறுத்தினால்? பக்கத்தில் இருக்கும் கயிறு அசைந்துவிடும். தூரத்தில் இருக்கும் கயிற்றுக்கு இன்னும் செய்தி போய்ச்சேரவில்லை. நடுவில் ஒரு வளைவு உண்டாகும். அந்த வளைவு வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் வெளியே பறக்கும்.

அப்படிப் பறக்கும் வளைவுதான் ஒளி!

1903-ல் தாம்சன் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் சொற்பொழிவு செய்தபோது இந்த விளக்கத்தைச் சொன்னார். எக்ஸ்ரே எப்படி உண்டாகிறது என்பதற்கும் இதுவே அவருடைய விளக்கம். வேகமாக வரும் எலெக்ட்ரான் ஓர் உலோகத்தில் மோதித் திடீரென்று நிற்கிறது. அந்த உதறலில் எக்ஸ்ரே பிறக்கிறது. ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவைப் படம் பிடிக்கும் எக்ஸ்ரே கருவி இப்படித்தான் வேலை செய்கிறது.

எலெக்ட்ரானை மெதுவாக ஆட்டினால் வானொலி அலை வரும். ஒரு வினாடிக்கு 400 லட்சம் கோடி தடவைக்கு மேல் ஆட்டினால் சிவப்பு ஒளி வரும். இன்னும் வேகமாக ஆட்டினால் நீலம், ஊதா. அதற்கும் மேலே போனால் எக்ஸ்ரே.

குளத்துத் தக்கை

எலெக்ட்ரானை யார் ஆட்டுவது? ஒளியே ஆட்டும்!

குளத்தில் தூண்டில் தக்கை மிதக்கிறது. எங்கிருந்தோ ஓர் அலை வருகிறது. தக்கை மேலும் கீழும் ஆடுகிறது. அது ஆடும்போது அதைச் சுற்றிச் சின்னச் சின்ன வளையங்கள் புறப்படுகின்றன. அதுபோல, ஓர் எலெக்ட்ரான் மீது ஒளி அலை பட்டால் எலெக்ட்ரான் ஆடும். ஆடுவதால் தானும் ஒளி விடும். வந்த ஒளியின் நிறம் எதுவோ அதே நிறத்தில் எலெக்ட்ரான் பல பக்கமும் ஒளியைச் சிதறும்.

இதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் தாம்சன். அதனால் தாம்சன் சிதறல் என்று இன்றும் அதற்குப் பெயர்.

முழு சூரிய கிரகணத்தின்போது சூரியன் மறைந்ததும், அதைச் சுற்றி முத்துப்போன்ற வெள்ளை ஒளிவட்டம் தெரியும். சூரியனைச் சுற்றிலும் தனித்துத் திரியும் எலெக்ட்ரான்கள் கோடானுகோடி. அவை சூரிய ஒளியைச் சிதறுவதால் அந்த வெள்ளை ஒளி வருகிறது. சூரியனின் ஒளியில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் அதன் பிரகாசம். ஆகவேதான் மற்ற நாட்களில் அது தெரிவதில்லை.

தன் எண்ணத்தைத் தானே மாற்றினார்

இந்தக் கணக்கு தாம்சனுக்கே ஒரு சோதனையாக வந்தது.

ஓர் அணுவுக்குள் ஆயிரக்கணக்கான எலெக்ட்ரான்கள் அடைந்து கிடக்கின்றன என்று அவர் முதலில் எண்ணியிருந்தார். அவருடைய மாணவர் பார்க்லா, பொருள்களின்மீது எக்ஸ்ரேயைச் செலுத்தி, எவ்வளவு சிதறுகிறது என்று அளந்தார். தாம்சன் அந்த அளவைத் தன் கணக்கில் போட்டுப் பார்த்தார். அணுவில் ஆயிரக்கணக்கில் எலெக்ட்ரான் இல்லை, சொற்ப எண்ணிக்கையே உண்டு என்று விடை வந்தது.

பலர் இப்படிப்பட்ட நேரத்தில் விடையை மறைப்பார்கள். அல்லது சமாதானம் சொல்வார்கள். தாம்சன் அப்படிச் செய்யவில்லை. 1906-ல் அந்த விடையைத் தாமே எழுதி வெளியிட்டார். தன் பழைய எண்ணத்தைத் தன் கையாலேயே கழித்துக் கட்டினார்.

அதே 1906-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வாயுக்களில் மின்சாரம் பாய்வதைப்பற்றிய ஆராய்ச்சிக்காக அந்தப் பரிசு.

ஆலமரம்

தாம்சனின் ஆராய்ச்சி சாலை ஓர் ஆலமரமாக இருந்தது. பல தேசத்து இளைஞர்கள் அங்கே வந்து தங்கினார்கள். நியூசிலாந்திலிருந்து 1895-ல் வந்தவர் ரூதர்போர்டு. உருளைக்கிழங்கு விளையும் நாட்டுப்புறத்தில் வளர்ந்தவர். ரூதர்போர்டு, வில்சன், பார்க்லா, ஆஸ்டன், ரிச்சர்ட்சன் ஆகிய அவருடைய சீடர்கள் பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்றார்கள்.

1911-ல் ரூதர்போர்டு அணுவின் நடுவே கரு இருப்பதைச் சொன்னார். குருநாதர் வரைந்து வைத்திருந்த அணுப் படத்தைச் சீடர் மாற்றி எழுதினார். ஆயினும் 1919-ல் தாம்சன் கேவண்டிஷ் பதவியை விட்டு விலகியபோது, அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் ரூதர்போர்டே.

கும்பகோணத்து மேதை

தாம்சனின் வாழ்க்கையில் நம் தமிழ்நாட்டுக்கும் ஒரு சிறு தொடர்பு உண்டு.

1915 முதல் 1920 வரை அவர் லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவராக இருந்தார். 1918-ல் டிரினிட்டி கல்லூரியின் தலைவரும் ஆனார். கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை ராமானுஜன் அப்போது டிரினிட்டியில் இருந்தார். அதே 1918-ல் ராமானுஜன் ராயல் சொசைட்டி உறுப்பினராகவும், பிறகு டிரினிட்டி கல்லூரியின் பெல்லோவாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். இரண்டு இடத்திலும் தலைவர் நாற்காலியில் இருந்தவர் தாம்சன்.

தகப்பனார் துகள், மகன் அலை

மகன் ஜார்ஜ் தாம்சனும் விஞ்ஞானி ஆனார். மெல்லிய உலோகத் தகட்டின் வழியே எலெக்ட்ரான்களைச் செலுத்திப் படம் பிடித்தார். படத்தில் வட்டம் வட்டமாகக் கோடுகள் விழுந்தன. அலைகள்தான் அப்படி வட்டம் போடும். எலெக்ட்ரான் அலையாகவும் நடக்கிறது என்று 1927-ல் அவர் நிரூபித்தார். அமெரிக்க விஞ்ஞானி டேவிசனும் வேறு வழியில் இதையே கண்டார். இருவருக்கும் 1937-ல் நோபல் பரிசு கிடைத்தது.

எலெக்ட்ரான் துகள் என்று காட்டியதால் தகப்பனார் பெயர் பெற்றார். அது அலையும்தான் என்று காட்டியதால் மகன் பரிசு பெற்றார்! அதைக் கண்ணால் பார்க்கும் பாக்கியம் 80 வயதுத் தகப்பனாருக்குக் கிடைத்தது.

இரண்டாவது உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, 1940-ம் ஆண்டு ஆகஸ்டு 30-ந் தேதி தாம்சன் காலமானார். வயது 83. வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நியூட்டனின் சமாதிக்கு அருகே அவருடைய அஸ்தி வைக்கப்பட்டது.

லேசர் வந்தது

அவர் மறைந்து 20 ஆண்டுகள் ஆயின. 1960-ம் ஆண்டு மே மாதம் 16-ந் தேதி அமெரிக்காவில் மைமன் என்ற விஞ்ஞானி ஒரு செயற்கைச் சிவப்புக் கல்லைக்கொண்டு முதல் லேசரை உண்டாக்கினார். சாதாரண விளக்கின் ஒளி, சந்தைக்கூட்டம் போன்றது. ஆளுக்கு ஒரு பக்கம் போகும். லேசர் ஒளி, அணிவகுத்துப் போகும் பட்டாளம் போன்றது. எல்லா அலையும் ஒரே தாளத்தில் நடக்கும்.

இந்தப் பட்டாளத்தை எலெக்ட்ரான்கள்மீது ஏவினால் என்ன ஆகும்? அங்கே மறுபடியும் தாம்சனின் கணக்கு உதவிக்கு வந்தது.

வாயுவை மிகவும் சூடாக்கினால் அணுக்களைவிட்டு எலெக்ட்ரான்கள் கழன்றுவிடும். அந்தக் கலவைக்குப் பிளாஸ்மா என்று பெயர். 1928-ல் லாங்மூர் என்ற அமெரிக்கர் வைத்த பெயர். மின்னலில் இருப்பது பிளாஸ்மா. சூரியனே ஒரு பெரிய பிளாஸ்மா உருண்டை.

மாஸ்கோவில் ஒரு பரீட்சை

சூரியனைப்போல பூமியில் ஒரு சக்தி உலை செய்ய விஞ்ஞானிகள் பாடுபட்டார்கள். 1968-ல் ரஷிய விஞ்ஞானிகள் ஒரு செய்தியைச் சொன்னார்கள். டோக்காமாக் என்ற தங்கள் கருவியில் பிளாஸ்மா ஒரு கோடி டிகிரி அளவுக்குச் சூடேறிவிட்டது என்றார்கள். மேல்நாட்டு விஞ்ஞானிகள் நம்பவில்லை. ரஷியாவுக்கும் மேல்நாடுகளுக்கும் பகை இருந்த காலம் அது.

ரஷியர்கள் கோபப்படவில்லை. நீங்களே வந்து அளந்து பாருங்கள் என்று இங்கிலாந்து விஞ்ஞானிகளை அழைத்தார்கள். அவர்களும் பல டன் எடையுள்ள லேசர் கருவிகளைக் கட்டி எடுத்துக்கொண்டு மாஸ்கோ போனார்கள்.

கோடி டிகிரி வெப்பத்தை எந்த வெப்பமானியால் அளக்க முடியும்? உருகி ஆவியாகிவிடுமே! அவர்கள் செய்தது இதுதான். பிளாஸ்மாவுக்குள் லேசர் ஒளியைச் செலுத்தினார்கள். எலெக்ட்ரான்கள் அந்த ஒளியைச் சிதறின. ரெயில் நம்மை நோக்கி வரும்போது ஊதல் சத்தம் கீச்சென்று கேட்கும். நம்மைவிட்டுப் போகும்போது சத்தம் கனத்துவிடும். அதுபோல, ஓடும் எலெக்ட்ரான் சிதறும் ஒளியின் நிறம் கொஞ்சம் மாறும். நிறம் எவ்வளவு பரந்து விரிகிறதோ அவ்வளவு வேகம். எவ்வளவு வேகமோ அவ்வளவு வெப்பம்.

1969-ல் விடை வந்தது. ரஷியர்கள் சொன்னது உண்மைதான்! அதன்பிறகு உலகம் முழுவதும் டோக்காமாக் கருவிகள் கட்டினார்கள். பகைவர்கள் இருவரும் ஒப்புக்கொண்ட சாட்சி, எலெக்ட்ரான் சிந்திய ஒளி.

எட்டுப் போடும் எலெக்ட்ரான்

லேசரின் பலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் கருவியே உடைந்துவிடும். அதற்கு 1985-ல் ஒரு வழி பிறந்தது. டோனா ஸ்டிரிக்லாண்ட் என்ற கனடா நாட்டுப் பெண்ணும், அவருடைய ஆசிரியரான மூரூ என்ற பிரெஞ்சுக்காரரும் கண்ட வழி. சின்ன வாசலில் பெருங்கூட்டம் முட்டினால் வாசல் உடையும். கூட்டத்தை நீண்ட வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவராக விட்டால் வாசல் தப்பும். வெளியே வந்ததும் மறுபடி கூட்டம் சேரலாம். அதுபோல ஒளித்துடிப்பை நீட்டி, பலம் ஏற்றி, மறுபடியும் சுருக்கினார்கள். இருவருக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இப்படி வரும் ஒளித்துடிப்பு கண் சிமிட்டும் நேரத்தைவிட எத்தனையோ மடங்கு குறுகியது. ஒரு வினாடியைப் பத்து லட்சம் பங்காக்குங்கள். அதில் ஒரு பங்கை மறுபடியும் நூறு கோடி பங்காக்குங்கள். அப்படிப்பட்ட 30 பங்கு நேரத்துக்குள் ஒரு துடிப்பு முடிந்துவிடும்! அந்த நேரத்துக்குள் ஊசிமுனையைவிடச் சிறிய இடத்தில் அவ்வளவு பலமும் குவிந்து பாய்கிறது.

அப்போது எலெக்ட்ரான் குளத்துத் தக்கைபோலச் சாதுவாக ஆடுவதில்லை. புயலில் சிக்கிய படகு ஆகிவிடுகிறது. ஏறக்குறைய ஒளியின் வேகத்துக்கே போய்விடுகிறது. பக்கவாட்டில் ஆடுவதோடு முன்னும் பின்னும் தள்ளப்படுகிறது. அதன்கூடவே ஓடிக்கொண்டு பார்க்க முடிந்தால், அது 8 என்ற எண்ணைப் போடுவது தெரியும்.

அப்படி ஆடும்போது வந்த நிறத்தில் மட்டும் அது ஒளி விடுவதில்லை. இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வேகத்தில் துடிக்கும் ஒளியையும் சேர்த்து விடுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்பினால், கண்ணுக்குத் தெரியும் பச்சை ஒளி வரும்! 1998-ல் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் ஹீலியம் வாயுவில் லேசரைப் பாய்ச்சி, எட்டுப் போடும் எலெக்ட்ரான்களின் ஒளியைக் கண்டு எழுதினார்கள்.

இன்னொரு அதிசயமும் உண்டு. படகு போனால் பின்னால் அலை எழும்புகிறது அல்லவா? பிளாஸ்மாவுக்குள் லேசர் துடிப்பு போனாலும் பின்னால் அலை எழும்பும். அந்த அலைமீது எலெக்ட்ரான்களை ஏற்றி ஓட்டலாம் என்று 1979-ல் தஜிமா, டாசன் என்ற இருவர் கணக்கிட்டுச் சொன்னார்கள். அலைமீது ஓடும் எலெக்ட்ரான்கள் இப்படியும் அப்படியும் நெளிந்துகொண்டே போகும். நெளியும்போது எக்ஸ்ரே விடும். 2004-ல் பிரான்சு விஞ்ஞானிகள் அந்த எக்ஸ்ரேயைப் பிடித்துக் காட்டினார்கள். அதைக்கொண்டு பூச்சிகளின் உடலையும் மனித எலும்பின் நுட்பமான அமைப்பையும் படம் எடுத்துவிட்டார்கள்.

ஏழைத் தாயின் பிள்ளை

இத்தனையும் எங்கே தொடங்கிற்று? எவரெட் ஊதிய ஒரு கண்ணாடிக் குழாயில்.

அந்தக் குழாயில் பச்சை ஒளி தெரிந்தபோது அதனால் என்ன பயன் என்று கேட்டிருந்தால் தாம்சனால் பதில் சொல்லியிருக்க முடியாது. லேசர் வரும் என்று அவருக்குத் தெரியாது. மாஸ்கோ பரீட்சை தெரியாது. அது என்ன என்று தெரிந்துகொள்ளவேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் அவரிடம் இருந்தது.

16 வயதில் தகப்பனாரை இழந்த பையன் அவர். என்ஜின் கம்பெனிக்குக் கட்டப் பணம் இல்லை. எழுதிய முதல் பரீட்சையில் தோல்வி. கையிலும் சமர்த்து இல்லை. சிறிய வீட்டுக்குக் குடிபோய், பிள்ளையின் படிப்பை நிறுத்தாமல் காத்த தாயார் எம்மா 1901-ம் ஆண்டில் இறந்தார். மகன் எலெக்ட்ரானைக் கண்டுபிடித்த செய்தி, அதற்கு நாலு ஆண்டுகள் முன்னதாகவே உலகுக்குத் தெரிந்துவிட்டது.